இடது கீழ் மூலை

கம்ப்யூட்டர் சென்டரில் படிக்கிற யாரிடமும் டச் போன் கிடையாது. அதனால் செல்போன் அப்ளிகேஷனை முதலில் காகிதத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுவார் ஸுதர்சன் சார். ஒரு திரைக்கு ஒரு தாள். பார்க்க வருகிறவர், தாளில் இருக்கும் பட்டனைத் தொட்டால், வரைந்தவர் அடுத்த தாளை எடுத்து வைக்க வேண்டும்.

ஸிந்துஜா வரைந்திருந்தது, கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைக் கண்டுபிடிக்கும் அப்ளிகேஷன். உண்மையில் அது கூடப் படித்த லில்லியுடையது. ஸிந்துஜா முந்திக்கொண்டு கொடுத்துவிட்டு, லில்லிதான் காப்பியடித்தாள் என்றும் சொல்லிவிட்டாள். சார் எல்லார் முன்னாலும் லில்லியைத் திட்டினார். அன்றைக்கு சென்டரை விட்டுப் போனவள் ஐயம்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேரவேயில்லை.

ஒரேயொரு பட்டனை மட்டும் ஸிந்துஜா வரையாமல் விட்டிருந்தாள். லில்லி அதை இடது கீழ் மூலையில் போட்டு, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

இன்று வந்தவர்கள் எல்லாரும் அந்த வெற்று மூலையைத்தான் தொட்டார்கள். டீ கொண்டுவந்தவர் தொட்டார். சாரும் தொட்டார்.

"அங்க ஒண்ணும் இல்லையே சார்."

"இருக்கற மாதிரி இருந்துது," என்று அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் லில்லியின் அப்பா தாவீது வந்தார். வாராவாரம் வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர். "தொலஞ்சவங்களக் கண்டுபிடிக்குமாமே, நானும் பாக்கட்டாம்மா?" என்று எதிரில் உட்கார்ந்து, நேராக மூலையில் விரலை வைத்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல அங்கிள்."

அவர் விரலை எடுக்கவில்லை.

"அடுத்த தாள வையிம்மா," என்றார். "காத்துக்கினுதான் இருக்கேன்."