ஃபிளாப்பி கிடையாது

கடகட, சர்ர்... கடகட, சர்ர்.

பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் மாடிப்படியிலேயே கேட்டது. இரண்டு மண்குவளை டீயோடு ஏறிக்கொண்டிருந்த சுந்தரேசனுக்கு உயிர் வந்தது. அப்படியானால் நீலாவதி ஜெயித்துவிட்டாள்.

ஜாதவ்பூர் யுனிவர்சிட்டிக்கு எதிர்ச்சந்தில் அவருடைய தீசிஸ் டைப்பிங் கடை. அங்கே வேலை பார்க்கும் நீலாவதி கீபோர்டில் கைவைத்தால் எப்பேர்ப்பட்ட சூத்திரமும் புத்தகத்தில் இருப்பதுபோல் வரும். அந்தப் பெயரில்தான் கடையே ஓடியது.

ஆராய்ச்சி மாணவன் கௌசிக்கின் தீசிஸில் மட்டும் நானூறு சூத்திரம். கணக்கைப் போட்ட மென்பொருளே அச்சுக்கான குறியீட்டையும் எழுதித் தந்துவிடும், கையால் அடிக்கத் தேவையில்லை என்று ஜம்பமாக வந்தான். அச்சடித்துப் பார்த்தால், மேலும் கீழுமாக நிற்க வேண்டிய பின்னமெல்லாம் ஒரே வரியில் படுத்திருந்தது. பாதிச் சூத்திரம் தாளைவிட்டே வெளியே ஓடியது. அவனுடைய கைடு அதைத் தூக்கி எறிந்துவிட்டார். சமர்ப்பிக்க மூன்றே வாரம்.

நீலாவதி கையால் அடித்திருக்கலாம். நானூறில் ஒரு மைனஸாவது தவறும் என்று மறுத்துவிட்டாள். மென்பொருளின் கைப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பின்னத்தை எப்படி நிமிர்த்துவது, எந்தப் பிளஸ்ஸில் வரியை உடைப்பது என்று அதற்கு ஒவ்வொரு விதியாக எழுதிக்கொடுத்தாள். பதினெட்டாம் நாளான இன்றுதான் அது சொன்ன பேச்சைக் கேட்டது.

டீயைக் கீழே வைத்ததும் சுந்தரேசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த விதிகள் ஃபிளாப்பியில் ஏறி வெளியே போனால், அடுத்த வருஷம் ஒரு பயல் இந்தப் படி ஏறமாட்டான். நம் இரண்டு பேருக்கும் சோறு இதுதான்.

சாயங்காலம் கௌசிக் வந்து, நீலாவதியை வங்காளத்து வழக்கப்படி மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு அதையே கேட்டான். "எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் இதே அவஸ்தைதான் மாஷி. ஒரே ஒரு ஃபிளாப்பி."

"ஃபிளாப்பி கிடையாது."

"கல்கத்தாவுலயே பெரிய கஞ்சூஸ் நீங்கதான் மாஷி."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுந்தரேசனுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும்.

பையன் போனதும் பைண்டிங்குக்கு உட்கார்ந்தார். பக்கங்களை எண்ணினால் இரண்டு அதிகம். கடைசித் தாள்களைப் புரட்டினார்.

அந்த விதிகள் அத்தனையும், ஒரு வரி விடாமல். தலைப்பில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கிலீஷில்.

"என்ன நீலாவதி இது?"

"ஃபிளாப்பி குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? குடுக்கலையே." கைடிடம் போனில் கேட்டாகிவிட்டது, பின்னிணைப்பாகச் சேர்க்கச் சம்மதித்துவிட்டார் என்றாள்.

"நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றதாம்?"

அவள் பிரிண்டரை அணைத்தாள். "எனக்கு இந்த வேலையை யார் சார் சொல்லிக்குடுத்தா? பைண்டிங்குக்கு வந்த ஏதோ ஒரு தீசிஸ். கடைசிப் பக்கத்துல எவரோ எழுதி வெச்சிட்டுப் போயிருந்தார்."

இரண்டே தாள். உருவிப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சுந்தரேசன் அவற்றை மற்றத் தாள்களோடு சேர்த்துத் தட்டி, ஓரத்தை நேராக்கினார். பிறகு பிரஷ்ஷை எடுத்து, தாள்கட்டின் முதுகில் பசை தடவ ஆரம்பித்தார்.