பெயர் வைக்காத சிறுவன்

ஊர் நூலகத்தில் எழுத்தாளர் பொன்னுரங்கன் கதையை வாசித்து முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. குளத்தில் மூழ்கிப்போகும் ஒரு சிறுவனைப் பற்றிய கதை அது. நகரத்துக் கூட்டங்களில் எப்போதும் கைத்தட்டல் வாங்கும் கதை. “யாராவது ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

பின்வரிசையிலிருந்து மாடத்தி எழுந்தாள். “அந்தப் பையன் பேரு என்ன சார்?”

“பேர் வைக்கலம்மா. சிறுவன்னுதான் எழுதியிருக்கேன்.”

“செல்லத்துரைன்னு வச்சு இன்னொருக்க வாசிக்கியளா?”

பக்கத்திலிருந்த அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மகனைக் குளத்துக்குப் பறிகொடுத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பொன்னுரங்கன் மறுபடி வாசித்தார். செல்லத்துரை பள்ளிக்கூடம் விட்டு வந்தான். பையை எறிந்துவிட்டு, முறுக்கைக் கடித்தபடியே குளத்தைப் பார்க்க ஓடினான். மாடத்தி சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குளக்கரையில் நின்று சட்டையைக் கழற்றும் இடம் வந்ததும் கையை உயர்த்தினாள்.

“போதும் சார். இதோட நிறுத்திக்கிடுங்க.”

அடுத்த வரியில் விரலை வைத்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கணவன் தேம்பிக்கொண்டிருந்தான்.

“கொஞ்ச நேரம் அவன் கரையிலயே நிக்கட்டும்” என்றாள் மாடத்தி.