ரத்துக்கான காரணம்

காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பயணச்சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அல்லியரசி காத்தமுத்து என்றது பாஸ்போர்ட். திருமணத்துக்கு முன் எடுத்தது. அப்பாவின் பெயரோடு நின்றுவிட்டது.

அல்லியரசி பரஞ்சோதி என்றது பயணச்சீட்டு.

"ரெண்டும் நான்தாங்க" என்றாள்.

அவர் கையை நீட்டி அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். பின்னால் நின்றவர்களின் பெட்டிகள் அவளைக் கடந்து உருண்டு விமான நிலையத்துக்குள் போயின.

சிங்கப்பூரில் கணவன் பரஞ்சோதி நினைவில்லாமல் கிடக்கிறான். கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மருத்துவமனையிலிருந்து பேசிய தமிழ் நர்ஸ் எதையும் விரித்துச் சொல்லவில்லை.

"இன்னிக்கே வந்துடுங்கக்கா."

அவனைப் பார்த்துவர எடுத்த விசா முன்பே கையில் இருந்தது. இன்றைக்கு இடம் கிடைத்தது இந்த ஒரு விமானத்தில்தான்.

சீட்டை எடுத்தவன் தம்பி இளவழகன். கைப்பேசியிலேயே எடுத்தான். ஊரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சையது பாயின் டிராவல்ஸுக்குத்தான் போவார்கள். பரஞ்சோதியும் அங்கேதான் போனான்.

"பாய் கடையில டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கவா நேரமிருக்கு? நீ பெட்டியைக் கட்டுக்கா" என்றிருந்தான் தம்பி.

கல்யாணமானவளின் பெயருக்குப் பின்னால் என்ன வரும் என்று அவன் யோசிக்கவே இல்லை. ரேஷன் அட்டையில் எது வருமோ, மொய் எழுதும்போது எது வருமோ, அது தானாக வந்தது.

வழியனுப்ப வந்து பக்கத்தில் நின்றவன், இப்போது ஸ்பீக்கரில் போட்டுப் பாயை அழைத்தான்.

"நான் போட்டிருந்தா ஒரு போன்ல மாத்தியிருப்பேன் தம்பி. நீ போட்ட சீட்டு எனக்குத் திறக்காதேப்பா."

பாயின் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது அவளுக்கு.

விமான நிறுவனத்தின் சன்னல் வாசலுக்கு வெளியிலேயே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பொறுமையாகவே சொன்னாள். இந்தச் சீட்டு அவர்களிடம் எடுத்ததல்ல, திருத்த முடியாது. விமானத்தில் வேறு இடமும் இல்லை. எடுத்த இணையதளத்திலேயே ரத்து செய்தால் இந்த இடம் காலியாகும். காலியானதும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கே புதிதாகப் போட்டுத் தருவாள்.

"ஆனா சீக்கிரம் மேடம். கவுண்டரை மூடிடுவாங்க."

புறப்படும் நேரம் நெருங்கிவிட்டதால் செயலியில் ரத்து செய்ய இயலாது என்றது கைப்பேசி. உதவி எண்ணை அழைக்கச் சொன்னது.

அழைத்தார்கள்.

பதிவு செய்த பெண் குரல். அவசரம் என்ற ஒன்றை அறியாத குரல்.

பெயர்த் திருத்தத்துக்கு இரண்டை அழுத்தினான். விரைவில் தொடர்புகொள்வோம் என்று துண்டித்துக்கொண்டது.

ரத்துக்கு மூன்றை அழுத்தினான். இசை வந்தது. இசை முடியவில்லை.

மறுபடி அழைத்தான். மறுபடி இசை.

எண்களின் வரிசை கடைசிவரை போனால் இன்னும் ஒன்று இருந்தது. பயணியோ நெருங்கிய உறவினரோ மரணமடைந்த காரணத்தால் ரத்து செய்ய, ஒன்பதை அழுத்தவும்.

முதல் முறை அதைக் கேட்டதும் தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் குரல் அந்த இடத்துக்கு வருமுன்பே எதையாவது அழுத்திக்கொண்டிருந்தான்.

அவள் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

ஒன்பதை அழுத்தினாள்.

இசை இல்லை. அடுத்த நொடியே ஒரு பையனின் குரல். மூச்சு விடுகிற குரல்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்துறோம் மேடம்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இறந்தவங்க பேரு சொல்லுங்க மேடம்."

தம்பி கண்களை மூடிக்கொண்டான்.

சொல்வதற்குப் பெயர்கள் இருந்தன. ஊரில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பரஞ்சோதியின் பெயரோ வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"அல்லியரசி" என்றாள். "அல்லியரசி பரஞ்சோதி."

சொன்னதும் ஏனோ பயம் விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு அவள் கேட்டுவந்த வரிசை இதுதான். அவருக்கு முன்னால் நான்.

"டிக்கெட்ல இருக்கறவங்களேவா?"

"ஆமாங்க."

"நீங்க அவங்களுக்கு...?"

"கூடப் பொறந்தவ."

"அக்கா" என்றான் தம்பி. உதடுதான் அசைந்தது.

மறுமுனையில் விசைகளின் ஒலி. பிறகு, ரத்து ஆகிவிட்டது என்றான் அந்தப் பையன். சான்றிதழைப் பிறகு அனுப்பினால் போதும் என்றான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்துத் தலையசைத்தாள். பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினாள்.

தம்பி அதைக் கொடுத்தான். எழுத்தெழுத்தாக அந்தப் பெண் அடிக்கத் தொடங்கினாள்.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பையன் தயங்கினான். அடுத்து அவன் கேட்டது படித்து ஒப்பிப்பதாக இல்லை.

"சிங்கப்பூர்ல யாரு மேடம் இருக்கா அவங்களுக்கு?"

"வீட்டுக்காரர்."

"ஐயோ. அவருக்குச் சொல்லியாச்சா?"

"இல்லைங்க" என்றாள். "நேர்ல போய்த்தான் சொல்லணும்."