சென்னைக்குப் போன தாடை

"வாய்க்கு உள்ளால வெட்டி, எலும்பப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறாங்களாம் மாமி. வெளியில ஒரு தழும்பும் தெரியாதாம்."

வேனை ஓட்டியபடியே ஹபீல் சொன்னான். அக்குறணைப் பெண் ஜஹானாவின் குடும்பத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான். சென்னையில் தாடை ஒப்பரேஷன் என்று பின் சீட்டில் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கியவனும் அவன்தான். மறுநாளே அது அக்குறணையைத் தாண்டி, கண்டி டவுனில் இருந்த ஸுலைஹாவின் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஸுலைஹா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியது. கீழே மகாவலியைக் காணவில்லை. பனிமூட்டம்தான் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷமும் இதே பாலத்தைத் தாண்டித்தான் மகன் ரிஸ்மிக்குப் பெண் பார்க்கப் போனாள். பெண்ணில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழ்த்தாடை மட்டும் கொஞ்சம் முன்னுக்கு. திரும்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "எல்லாம் நல்லம், அந்தத் தாடைதான்" என்று கூட வந்தவளிடம் சொல்லிவிட்டாள். நிமிர்ந்தால் வாசலில் அந்தப் பெண், ஜஹானா. சால்வை நுனியை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கை முகத்தை விட்டு இறங்கவே இல்லை என்று கேள்வி.

ரிஸ்மியோ வேறு பெண்ணின் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டான். இருப்பது ஒரே பிள்ளை. ஒரு வருஷமாக உம்மாவோடு முகம் கொடுத்துப் பேச்சில்லை. இந்த முறையும் சரிவராவிட்டால் அவன் வீட்டில் தங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இன்று புறப்படும்போதுதான் வாய் திறந்தான்.

"போய் நல்லாப் பாருங்க உம்மா."

பார்க்காமலா? அவர்கள் சென்னையில் இருந்த நாளெல்லாம் ஸுலைஹாவுக்கு அதே கனவுதான். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தால் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வருவாள். புது முகத்தைப் பார்க்க இவள் ஆசையோடு காத்திருப்பாள். கிட்ட வந்தால் அதே பழைய தாடை. கனவுக்கும் அவ்வளவு பிடிவாதம்.

அக்குறணையில் தூறிக்கொண்டிருந்தது. ஜஹானாவின் உம்மா றலியா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசு மாறித் திரும்ப வந்ததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்."

வாப்பா பளீல் ஹாஜியார் மூலைக் கதிரையில் மப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸலாமுக்குத் தலையை மட்டும் அசைத்தார். பழைய கோபம் போலும் என்று ஸுலைஹா நினைத்தாள். வட்டிலப்பம் வந்தது. அவர் தொடவில்லை. ஒரு கோப்பைக் கஞ்சியைக் கரண்டியால் மெல்ல மெல்லக் குடித்தார். கோபக்காரருக்கு வட்டிலப்பமும் கசக்கும்தானே.

தேத்தண்ணீர்த் தட்டோடு ஜஹானா வந்தாள். கை முகத்தில் இல்லை. சால்வை தலையில் மட்டும் இருந்தது. நேராகப் பார்த்து ஸலாம் சொன்னாள்.

"மெலிஞ்சு போய்ட்டீங்க மகள்."

"ஆஸ்பத்திரியில நித்திரை இல்ல மாமி. டாக்டர்மாரோட எல்லாம் நான்தான் பேசினேன். முகத்தப் பொத்திட்டு நின்டா அங்க ஒரு அலுவலும் நடக்காது."

"கடும் நோவா?"

"பாத்துட்டு இரிக்க ஏலாத நோவு."

வெளியிலிருந்து பனி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அந்த மங்கிய வெளிச்சத்தில், கனவில் நடந்து வந்தவள் இப்போதுதான் கிட்ட வந்து நிற்பதுபோல இருந்தது. எங்கே வெட்டினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று ஸுலைஹாவுக்குப் பிடிபடவே இல்லை. பெண் சிரித்தாள். தாடை அந்தச் சிரிப்போடு அவ்வளவு பொருந்தியிருந்தது. பெற்ற பிள்ளைமேல் வருகிற ஆசை வந்து, ஸுலைஹாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்தாள். பிஸ்மி சொல்லி ஜஹானாவின் கழுத்தில் போட்டாள். மாப்பிள்ளையின் உம்மா சங்கிலி போட்டால் பேச்சு முடிந்தது. போட்டதைக் கழற்றுகிற வழக்கம் அவர்கள் குடும்பங்களில் கிடையாது.

"இனி நீங்க எங்கட பிள்ளை." அவள் ஜஹானாவின் நாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "அந்த டாக்டர்ட கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யணும். என்ன அழகான முகமொண்டு செஞ்சு தந்தீக்கிறார்."

றலியா திகைத்துப்போய்க் கணவரைப் பார்த்தாள்.

பளீல் ஹாஜியார் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக மப்ளரை அவிழ்த்தார். காதடியிலிருந்து நாடிவரை தையல் ஓடிய தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"கட்டி வந்தது வாப்பாட தாடையில மாமி," என்றாள் ஜஹானா. "நோய் வீடுன்டு பேர் வந்தா என்னய ஒருத்தரும் கேட்டு வரமாட்டாங்கன்டு ஊருக்குச் சொல்லாம ஒளிச்சார். நீங்க கேள்விப்பட்டுத்தான் வந்தீங்கன்டு நெனச்சோம். என்ட முகத்துல ஒரு டாக்டரும் கை வெக்கல்ல. மொதல்ல கை வெச்சது நீங்கதான்."

ஸுலைஹாவின் கைகள் அந்தப் பழைய தாடையில்தான் இருந்தன, அவள் எடுக்கவில்லை.