கண்மாய்க்குள் கூறைப்பட்டு

"சேலையை இன்னுங் கொஞ்சம் நாசம் பண்ணணும்க்கா" என்றபடி சத்தியப்பிரியா கண்மாய்ச் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அரக்கு நிறக் கூறைப்பட்டு, கை அகலச் சரிகை. கேமராவைப் பிடித்திருந்த காளீஸ்வரிதான் மனசுக்குள் அதன் விலையைக் கணக்குப் போட்டாள்.

கல்யாணம் முடிந்தபின் அந்தப் புடவையோடு சேற்றில் உருண்டு படம் எடுத்துக்கொள்வது இப்போது காரைக்குடி வரைக்கும் வந்துவிட்டது. இந்த வருஷத்தில் காளீஸ்வரிக்கு இவள் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரும் புருஷனோடு வந்து, கலர்ப்பொடியைப் பூசிக் கொஞ்சிவிட்டுப் போனவர்கள். இவளோ விடிந்ததும் விடியாததுமாக ஸ்கூட்டியில் தனியாக வந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை.

விவாகரத்துக் கேஸ் என்று காளீஸ்வரி முடிவு கட்டிவிட்டாள். கையில் மருதாணி மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. படத்துக்காக வைத்திருப்பாள், பாவம்.

நேரமும் இடித்தது. ஒன்பதரைக்குச் செக்காலை மண்டபத்தில் முகூர்த்தம், எட்டு மணிக்கெல்லாம் அங்கே நிற்கவேண்டும். அந்தக் கல்யாணப் பெண்ணை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையே போனில் பேசி, பெண் சிரித்த முகமாக விழவேண்டும் என்று நாலு தடவை சொல்லியிருந்தார்.

சேற்றை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டிருந்தவளிடம், என்னதான் பிரச்சினை என்று மெல்லக் கேட்டாள்.

சத்தியப்பிரியா திருப்பத்தூரில் மாட்டு டாக்டர், அரசாங்க வேலை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாணி நாற்றம் ஆகாதாம், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கவேண்டுமாம். முடியாது என்று அப்பாவிடம் சொன்னாள், பெரியப்பாவிடம் சொன்னாள், மாப்பிள்ளையிடமே சொன்னாள். போகப்போகச் சரியாகிவிடும் என்றார்களாம் எல்லோரும்.

"யாரு காதுலயும் ஏறலக்கா. அதான் கண்ணுல காட்டிருவோம்னு வந்தேன்."

அதற்குள் தண்ணீரில் கிடந்த எருமையொன்று எழுந்து வந்து முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. காளீஸ்வரி விரட்டப் போனாள். டாக்டரம்மா தடுத்துவிட்டு, கன்னத்தில் சாணியால் ஒரு கோடு இழுத்து, எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். எட்டு வருஷத் தொழிலில் எந்த மணமேடையிலும் காளீஸ்வரிக்கு அப்படியொரு சிரிப்பு கிடைத்ததில்லை.

மணி ஏழரை. காளீஸ்வரி பையைக் கட்டத் தொடங்கினாள். எருமைப் படத்தை மட்டும் இப்போதே ஒரு நம்பருக்கு அனுப்பச் சொன்னாள் சத்தியப்பிரியா. யாருக்கு என்றதற்கு, சேலை எடுத்துக் கொடுத்தவருக்கு என்றாள்.

அவள் நம்பரைச் சொல்லச் சொல்ல, காளீஸ்வரி போனில் அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் பெயர் தானாக வந்து நின்றது: 'சேவுகப்பெருமாள் மாப்பிள்ளை, செக்காலை, இன்று 9.30.'

காளீஸ்வரி அந்தப் பெயரையும் எதிரே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். மண்டபத்துக்கு நேரமாகிறது என்று மட்டும் எப்படியோ முனகினாள்.

சத்தியப்பிரியா முந்தானையை முறுக்கிப் பிழிந்தாள்.

"மெதுவாப் போகலாம்க்கா. நான் இங்குட்டு இருக்கேன்ல, அங்குட்டுப் போயி யாரை எடுப்பீக?"