தலைவியின் உத்தரவு

"இப்படியே விட்டா நாளைக்கு உங்க தலைமேல ஏறி உட்கார்ந்துக்கும்" என்றார் பெரியப்பா, உள்ளே நுழையும்போதே.

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவின் நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் ஏறி, கையில் கரண்டியோடு ஐந்து வயது வாண்டு ஆட்சி நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடியும்வரை வாண்டுதான் தலைவி. அவள் சொன்னால் சொன்னதுதான். சாப்பிட அடம்பிடித்த காலத்தில், அவளை மேசைக்கு இழுப்பதற்காக ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது அவள் நன்றாகவே சாப்பிடுகிறாள். பழக்கத்தை விடத்தான் யாருக்கும் மனசில்லை. ஒரு வாரம் எல்லோரும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்னொரு வாரம் அப்பா மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாகச் சாப்பிட்டார்.

போன வாரம் போட்ட உத்தரவுதான் வில்லங்கம்.

"அடுத்த வாரம் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒண்ணா வரணும்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பெரியப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சித்தப்பா பஸ் ஓட்டுகிறார். பெரியப்பா புதுக் கார் வாங்கிய அன்று சித்தப்பா அதை ரிவர்ஸ் எடுத்தார். பெரியப்பா பின்னால் நின்று "வா, வா, வா" என்று கையசைத்தார். கார் போய்ச் சுவரில் முட்டியது.

வந்தவன்மேல் தப்பு என்றார் அவர். வரச் சொன்னவர்மேல் தப்பு என்றார் இவர். அதோடு சரி. இந்த வீட்டில் ஒருவர் இருந்தால் மற்றவர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார். நடுவில் பிறந்த பாவத்துக்கு அப்பா இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இன்று இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மேசையின் இந்தக் கோடியில் பெரியப்பா, அந்தக் கோடியில் சித்தப்பா. அம்மா தண்ணீர் வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"உப்பு அந்தப் பக்கம் இருக்கு. கொஞ்சம் தள்ளச் சொல்லு" என்றார் பெரியப்பா, அப்பாவிடம்.

"கை நீட்டினா எட்டும்னு சொல்லுங்க" என்றார் சித்தப்பா, அதே அப்பாவிடம்.

அப்பா எழுந்து போய் உப்பை எடுத்து வந்தார். அம்மாவுக்கு ஒரே கவலை. இன்றைக்கும் முறைத்துக்கொண்டு போய்விட்டால், இனி இரண்டு பேருமே இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

வாண்டு கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"உத்தரவு! பெரியப்பா, சித்தப்பாவுக்கு ஊட்டி விடணும்."

அப்பாவுக்குப் புரையேறியது.

"என்ன விளையாட்டு இது!" பெரியப்பா எகிறினார். "நாப்பது வயசுத் தடியனுக்கு நான் ஊட்டணுமா? பிள்ளையா வளர்க்கிறீங்க?"

"பசியில செத்தாலும் இவர் கையால சாப்பிடமாட்டேன்" என்றார் சித்தப்பா.

"வாண்டு, வேற ஏதாவது சொல்லுடா கண்ணு" என்று கெஞ்சினாள் அம்மா.

"முடியாது. தலைவி சொன்னா சொன்னதுதான்."



"சட்டம்னு ஒண்ணு வெச்சுத் தொலைச்சிருக்கீங்க" என்று முனகிக்கொண்டே பெரியப்பா எழுந்தார். தட்டோடு போய் சித்தப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு துண்டு உருளைக்கிழங்கைக் கரண்டியில் எடுத்தார். நீட்டுமுன், அவரை அறியாமலே, ஊதினார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"அங்கே திரும்பினா எப்படி ஊட்டறது? இந்தப் பக்கம் வா" என்றார் பெரியப்பா.

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்ணே. வரேன், அப்புறம் எதிலயாவது முட்டும்."

பெரியப்பா முறைத்தார். மீசை துடித்தது. கரண்டி ஆடியது. உருளைக்கிழங்கு சித்தப்பாவின் சட்டையில் விழுந்தது. முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

"ஓட்டத்தான் தெரியாது, ஒழுங்கா வாயைத் திறக்கக்கூடத் தெரியலையேடா உனக்கு!"

"ஊட்டறவருக்குக் கை நடுங்குது, அதைச் சொல்லுங்க!"

சாப்பாடு ஆறியதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

"பஸ் எதுக்குடா? வண்டியில ஏறு" என்றது பெரியப்பாவின் குரல், படியில்.

"நான் ஓட்டட்டுமா?"

"உதை வாங்குவே!"

அம்மா வாண்டுவைத் தூக்கிக்கொண்டு போய் வாய் துடைத்துவிட்டாள்.

"எப்படிடி உனக்கு இப்படி ஒரு உத்தரவு தோணிச்சு?"

வாண்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பெரியப்பாதான் நேத்து போன்ல சொன்னாரு. 'நான் கோபப்படற மாதிரி கத்துவேன், நீ பயந்துடாதே'ன்னாரு."

அம்மாவும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா."

"ஏன்?"

"அதையேதானே முந்தாநாள் சித்தப்பாவும் போன் பண்ணிச் சொன்னாரு!"