போர்வைக் கச்சேரி

பட்டறை இரைச்சலில் அவருக்குக் காது அடியோடு போய்விட்டது. யார் என்ன பேசினாலும் மனைவி அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டினால்தான் உண்டு. ஸ்பீக்கர், வயரைப் பிடுங்கிய நிலையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. இருவரும் அதில் உயிராய்க் கேட்டுவந்த எலக்ட்ரானிக் இசைக்குழுவோ, ஒரு தடவைகூட மேடையேறாமலே கலைந்துபோயிருந்தது.

அதற்காகக் கச்சேரியை விட்டுவிட முடியுமா? சாயங்காலம் துணி மடிக்கும்போது நடத்திவிடுவார்கள். போர்வையின் ஒரு முனையை அவர் விறைப்பாக இழுத்துப் பிடிப்பார். மறுமுனையில் அவள் விரலால் தாளம் தட்டுவாள். அது அவர் கைக்குப் போய்ச் சேரும். அடுத்த பாட்டு எது என்று அவர்தான் அறிவிப்பார். கடைசிப் பாட்டில் மட்டும் தினமும் சண்டை. அவளுக்கு மழைப் பாட்டு வேண்டும். அவருக்கு அது ஆகவே ஆகாது.

இன்று போனால் போகிறதென்று இறங்கிவந்தார். "சரி, உன் மழையே பெய்யட்டும்."

அவள் ஆசைதீரத் தட்டி முடித்தாள்.

கதவு தட்டப்பட்டது. அவர் போர்வையை விட்டுவிட்டுப் போய்த் திறந்தார். கீழ்வீட்டுப் பெண் தயங்கி நின்றாள்.

"அண்ணா, கடைசியா ஒரு மழைப் பாட்டு போட்டீங்களே, அதை இன்னொரு தடவை போடுவீங்களா?"

எழுதிக் காட்ட மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விரல்களை மூடிக்கொண்டார்.

"நீ ஜெயிச்சுட்ட. இன்னொரு தடவை வேணுமாம்."